பையைத் தராத வாத்தியார்

"பையைக் கொடுங்க சார்."

"வேண்டாம்."

"இன்னிக்கு என் முறை சார்."

"இருக்கட்டும். ஒரு பொண்ணு முதுகுல என் பையை ஏத்திட்டு நான் கையை வீசிட்டு நடக்கணுமா? நானும் உங்க முகிகா இனம்தான். கபாலே மலையில பொறந்தவன்."

ஒரிஷாபா அவனை மேலும் கீழும் பார்த்தாள். இவன் கபாலேயில் பிறந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பளபளக்கும் கறுப்பு ஷூ நிச்சயம் தலைநகர் கம்பாலாவில் பிறந்தது.

புவிண்டி காட்டு வாசலில், கொரில்லா பார்க்க வருகிறவர்களுக்குச் சுமை தூக்குகிறவர்கள் நாற்பது பேர். ஒவ்வொருவருக்கும் முறை வர மூன்று வாரம் ஆகும். வந்த முறையையும் ஒருவன் வறட்டு கௌரவம் பார்த்துக் கெடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

"பை உங்ககிட்டயே இருக்கட்டும். நான் சும்மா கூட வரேன். காடு உங்களுது இல்லையே..."

வழிகாட்டி பியாருஹங்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

ஆள் பெயர் முஹெரேசா. பள்ளிக்கூட வாத்தியார். இது அவன் அவளிடம் சொன்னதில்லை. குழுவில் வந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒன்பது வருஷமாகப் புத்தகத்துப் படத்தைக் காட்டியே கொரில்லா பாடம் நடத்துகிறானாம். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, சார் நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா என்று கேட்டுவிட்டாளாம்.  அதற்காகவே இரண்டு வருஷம் காத்திருந்து வந்திருக்கிறான்.

கொரில்லாக்களின் எதிரில் யாருக்கும் ஒரே ஒரு மணி நேரம்தான். அவனுக்கு அதாவது உண்டு... நாலு வருஷமாகப் பை சுமக்கும் ஒரிஷாபாவுக்கு அதுவும் கிடையாது. சுமை தூக்குகிறவர்கள் பைகளோடு தள்ளியே உட்கார்ந்துவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் கிளை முறியும் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறாள்.

இரண்டு மணி நேரம் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓடைக்கு மேலே செங்குத்தான இடத்தில் எண்ணெய் தடவியதுபோல் மண் வழுக்கியது. ஒரிஷாபா முதலில் ஏறி, திரும்பிக் கையை நீட்டினாள்.

"பிடிச்சுக்குங்க வாத்தியாரே."

"வேண்டாம்... நானே வருவேன்."

"சரி, வாங்க." கையை வெடுக்கென்று இழுத்து மார்போடு கட்டிக்கொண்டாள்.

மறுநொடியே ஷூ வழுக்கியது. அவன் பக்கத்துச் செடியை எட்டிப் பிடித்தான். அது செந்தட்டி. உள்ளங்கை எரிந்ததில் கையை விட்டான். அப்படியே உருண்டு ஓடையோரம் போய் விழுந்தான். தூக்கி நிறுத்தியபோது கணுக்கால் பிசகி, வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

"கொரில்லாக் கூட்டம் அந்த மேட்டுக்குப் பின்னாலதான் மேயுது. கால்மணி நடை..." பியாருஹங்கா தயங்கினார். "இந்தக் காலோட முடியாது சார். கீழ ஊருக்கு ரேடியோல சொல்லிட்டேன், தூக்கறதுக்கு ஆளுங்க வருவாங்க. ஒரிஷாபா, நீ இவரோட இரும்மா."

மற்றவர்கள் மேலே போய்விட்டார்கள். மரத்தடியில் இரண்டு பேர் மட்டும். முஹெரேசா மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இமையில் நின்றது மழைத்துளியா, வேறா...  அந்த மண் எப்படி வழுக்கும் என்று ஒரிஷாபாவுக்குத் தெரியும். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

"என் தப்பு சார். கோவத்துல கையை எடுத்துட்டேன்."

"கொடுத்த கையைப் பிடிக்காதவன் நான். அப்புறம் உங்க தப்பு என்ன இருக்கு?" முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தான். "ஆனா... அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

"எந்தப் பொண்ணு?" கேள்வி அவளை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"என் வகுப்புல படிக்கிறவ. பன்னெண்டு வயசு."

ஓ... கேள்வி கேட்ட அந்த மாணவி. ஒரிஷாபா அவசரமாகப் பாட்டிலைத் திறந்து தானியக் கஞ்சியை நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"புஷேரா புளிக்குதே..."

"கபாலே மலையில பொறந்தவங்களுக்குப் புளிக்காது."

அவன் சிரித்துவிட்டான். பல் வரிசை தெரிந்தது. அட, சிரிக்கக்கூட வருமா இவனுக்கு... என்று நினைத்தவளின் பின்னால் ஒரு கிளை முறிந்தது.

மேலே இல்லை. இங்கே... பத்தடிக்குள்.

கொரில்லா அருகே போட வேண்டிய முகக்கவசத்தை ஒரிஷாபா எடுத்து அவன் மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். மழைக்கு ஒதுங்கியோ என்னவோ, கூட்டம் மேட்டைவிட்டு இறங்கிவிட்டிருந்தது. முதலில் முதுகில் குட்டியோடு ஒரு தாய். பிறகு இரண்டு குறும்புக்காரப் பிள்ளைகள், ஒன்றன் காலை ஒன்று இழுத்துக்கொண்டு. கடைசியாகப் புதரை ஒதுக்கிக்கொண்டு கூட்டத்தின் தலைவன், வெள்ளி முதுகுக்காரன் வந்து நின்றான். அம்மாடி, எவ்வளவு பெரிய தலை...

"குனிங்க. அதோட கண்ணைப் பார்க்காதீங்க," என்றாள் மூச்சுக்குள். "என்னைப் பாருங்க."

அவன் பார்த்தான். கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும்... பயந்த, ஈரமான, விலகாத கண்கள். வெள்ளி முதுகுக்காரன் ஒரு உறுமல் உறுமினான். முஹெரேசாவின் எரிந்து தடித்த கை அவள் கையைத் தேடிப் பிடித்தது. அவளும் இறுக்கிக்கொண்டாள். கனத்த காலடிகள் அவர்களைத் தாண்டின, செடிகள் அசைந்தன, அடங்கின.

போய்விட்டன. இருவருக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது. நாலு வருஷ ஏக்கம் ஒரிஷாபாவின் கன்னத்தில் வழிந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"பாத்துட்டேன்... நான் பாத்துட்டேன். நீங்களும் பாத்தீங்கல்ல? உங்க மாணவிகிட்ட சொல்லலாம்ல?"

"அம்மாவைப் பாத்தேன், பசங்களைப் பாத்தேன். அது போதும், அவகிட்ட சொல்லிடுவேன். பெருசை மட்டும் பாக்கல."

"ஏன்?"

"நீங்கதானே உங்களைப் பாக்கச் சொன்னீங்க. அப்புறம்... கண்ணை எடுக்க முடியல, ஒரிஷாபா."

கையை இழுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

கீழேயிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நான்கு பேர், நடுவில் மூங்கிலால் கட்டிய தூக்குப் படுக்கை. அதில் அவனைப் படுக்க வைத்துத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் பிடித்தவன் வாய் சும்மா இருக்குமா?

"எங்க தாத்தா காலத்துல இதுல புதுப்பொண்ணைத்தான் தூக்கிட்டுப் போவாங்க. மாப்பிள்ளையைத் தூக்கற கொடுமை எங்க தலையில எழுதியிருக்கு."

"நான் எப்போ மாப்பிள்ளை ஆனேன்?"

"அந்தக் கையை விட்டுட்டுக் கேளுங்க சார்."

அவன் விடவில்லை. ஒரிஷாபா முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள். பை இப்போது அவள் முதுகில் இருந்தது. எப்போது கொடுத்தான், எப்போது வாங்கினாள் என்று இருவருக்குமே நினைவில்லை.

காட்டு விளிம்பில் பாதை பிரிந்தது.  

"இடதுல ஆஸ்பத்திரி, வலதுல ஒரிஷாபா வீடு. எந்தப் பக்கம் வாத்தியாரே?" என்றான் முன்னால் பிடித்த குறும்பன்.

"வலது பக்கம் போங்க. இவங்க அப்பாவைப் பாக்கணும்."

நால்வரும் நின்றுவிட்டார்கள். மழை விட்டிருந்தது. எல்லார் கண்ணும் தன்மேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. கன்னம் சுட்டது.

"இடது பக்கம் போங்கண்ணே," என்றாள்.

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அதைப் பார்க்கப் பொறுக்காமல் படுக்கையின் அருகே குனிந்தாள்.

"எங்க அப்பா முன்னாடி படுத்துக்கிட்டேவா பொண்ணு கேப்பீங்க? கால் சரியானதும் பெரியவங்களோட வாங்க. அவர் என் விருப்பத்தைத்தான் கேப்பார்..."

"கேட்டா?"

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுவேன்."

தூக்கிக்கொண்டிருந்த நால்வரும் கல்யாணப் பாட்டை எடுத்துவிட்டார்கள்.