பத்து நிமிடம் காத்திருந்த தண்ணீர்

"தண்ணி வந்துருச்சு! ஆத்துல தண்ணி வந்துருச்சு!"

தெருவே துள்ளிக் குதித்தது. வானதி மட்டும் துள்ளவில்லை.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர், திருவாரூர்ப் பக்கத்தில் இருந்த ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் அந்தக் கடைமடைக் கிராமத்துக்குச் சொன்ன நாளில் வந்ததே கிடையாது. அதனால்தான் நேற்று வானதி கெஞ்சியபோது அப்பா தங்கையன் சிரித்தார்.

"வாய்க்கால் குழாய்க்குள்ள செவலை அஞ்சு குட்டி போட்டிருக்குப்பா. தண்ணி வந்தா மூழ்கிடும்."

"நம்மூருக்குத் தண்ணி வர இன்னும் நாலு நாள் ஆகும்டி. மெதுவாப் பாத்துக்கலாம்."

இந்த வருஷம் ஆற்றை நன்றாகத் தூர் வாரிவிட்டார்கள் என்பதை அப்பா மறந்துவிட்டார். தண்ணீர் ஒரே ஓட்டமாக வந்து சேர்ந்துவிட்டது!

செவலை என்பது ஒரு தெருநாய். கிட்டே போனால் பல்லைக் காட்டும். போன மாதம் நீலாம்பாள் அத்தையின் குதிகாலைக் கவ்விவிட்டது. அன்றிலிருந்து அதைக் கண்டாலே எல்லோரும் கல்லை எடுத்தார்கள். பாவம், அது வறண்டு கிடந்த வாய்க்காலில், சாலைக்கு அடியில் போகும் பெரிய குழாய்க்குள் போய்க் குட்டி போட்டது.

வானதி ஓடினாள். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பில் ஊரே கூடியிருந்தது. புதுத் தண்ணீரில் தூவப் பூவும் விதைநெல்லும் கொண்டு வந்திருந்தார்கள். ஷட்டரைத் திறக்கும் லஸ்கர் வீரையன் சக்கரத்தில் கை வைத்துவிட்டார்.

"மாமா, திறக்காதீங்க! உள்ள நாய்க்குட்டி இருக்கு!"

"நாய்க்காக ஊரையே நிக்க வைக்கச் சொல்றியா?" என்றார் வீரையன். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"சரி, பத்து நிமிஷம். அதுக்கு மேல முடியாது, தண்ணி ஏறிக்கிட்டே வருது. ஆமா, குட்டிகளை யாரு எடுக்கிறது?"

வானதி சுற்றிலும் பார்த்தாள். பெரியவர்கள் எல்லோருக்கும் திடீரென்று வானத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. அப்பாவும் கூட்டத்தில் இல்லை. பூ வாங்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

"நான்தான்," என்றாள். அவளுக்கே கேட்காத குரலில்.

முதலில் செவலை வெளியே வர வேண்டும். நீலாம்பாள் அத்தையின் கையில் சர்க்கரைப் பொங்கல் இருந்தது.

"அத்தை, கொஞ்சம் பொங்கல் குடுங்க."

"என் காலைக் கடிச்ச கழுதைக்கா? சாமிக்கே இன்னும் படைக்கலடி!"

"அதுக்கும் பசிக்கும்ல அத்தை?"

அத்தை முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கை பொங்கலை இலையில் அள்ளி வைத்தாள்.

வானதி இலையைக் கரை மேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உறுமிக்கொண்டே செவலை வெளியே வந்தது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. அது பொங்கலில் வாய் வைத்ததும் வானதி அதன் முதுகுப் பக்கமாக இறங்கிக் குழாய்க்குள் தவழ்ந்தாள்.

உள்ளே ஒரே இருட்டு. ஷட்டர் இடுக்கில் கசிந்த தண்ணீர் முழங்காலைச் சில்லென்று நனைத்தது. கையால் துழாவினாள். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு. குட்டிகளைப் பாவாடை மடிப்பில் அள்ளிக்கொண்டாள். ஐந்தாவது எங்கே?

அப்போது பின்னால் ஒரு உறுமல் கேட்டது.

குழாய் வாயை அடைத்துக்கொண்டு செவலை நின்றது. கத்தினால் பாயும். மறு முனையில் மூடிய ஷட்டர், ஓட வழியில்லை.

"தூக்கிட்டு ஓடலடி," என்றாள் மெல்ல. "மேல கொண்டு வைக்கத்தான். பாரு, பாத்துக்க."

மடியை விரித்துக் காட்டினாள். செவலை நெருங்கி வந்தது. அதன் மூச்சு அவள் கன்னத்தில் சுட்டது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

கடி விழவில்லை. கண் திறந்தபோது, செவலை அவளைத் தாண்டிப் போய், மூலையில் ஈரத்தில் கிடந்த ஐந்தாவது குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு வந்தது. அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே நடந்தது. வானதி பின்னாலேயே தவழ்ந்தாள்.

கரையில் யாரோ ஒரு பழைய சாக்கை விரித்திருந்தார்கள். விரித்தது நீலாம்பாள் அத்தைதான். "கடிச்சே, பாத்துக்க!" என்று மிரட்டிக்கொண்டே மிச்சப் பொங்கலையும் செவலைக்கு முன்னால் கொட்டினாள். மூச்சிரைக்க ஓடி வந்த அப்பா, வானதியின் தலையைத் தடவினார்.

ஷட்டருக்குப் பின்னால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி முட்டிக்கொண்டிருந்தது. வீரையன் சக்கரத்தைப் பிடித்தபடி, ஊர்ப் பெரியவர்களை விட்டுவிட்டு வானதியைப் பார்த்தார்.

"திறக்கலாமா தாயி?"

பூவைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே அவள் வாயைப் பார்த்தது. வானதி சாக்கில் கிடந்த குட்டிகளை இன்னொரு தடவை எண்ணினாள். ஐந்து.

"இப்பத் திறங்க மாமா!"