கெங்கம்மாள் காட்டிய உயரம்

அக்கா வீட்டுக் கூடத்தில், வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் உள்ளங்கை அளவுக்கு ஈரம் இருந்தது. திண்டிவனம் பக்கம் மழையைக் கண்டு வெகுநாளாகியிருந்தது. புரட்டாசி வெயில் ஈவிரக்கமில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுவருக்குள் குழாயும் ஓடவில்லை. இளவரசி தோள்பையைக் கழற்றாமலே கிட்டப் போய்ப் பார்த்தாள். அவள் தலைக்கு மேலே, குதிகாலை உயர்த்திக் கையை நீட்டினால்தான் தொடக்கூடிய இடத்தில், விரல் விரலாக ஈரம் படிந்திருந்தது.

"சுவரு ஊறுது பாருக்கா."

"புதுசா அடிச்ச பெயிண்டு, அப்டித்தான் இருக்கும்," என்றாள் அருணா, கண்ணாடி முன் நின்று பூ வைத்துக்கொண்டே. அவளும் மாமாவும் அமாவாசைக்கு மேல்மலையனூர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் தங்கை விழுப்புரத்திலிருந்து வந்திருந்தாள். "அத வுடு. உன் ரிப்போர்ட்டு இன்னா ஆச்சு? எங்கள காலி பண்ணச் சொல்லிடுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. இடுப்புக்கு மேல தண்ணி வராதுன்னுதான் கணக்கு சொல்லுது."

"அது போதும்டி அரசி. அங்காளம்மனுக்கு ஒரு எலுமிச்சம்பழ மாலை சாத்திட்டு வந்துர்றேன்."

கணக்கு சொல்லுது என்றது பாதி உண்மைதான். வெள்ள அபாயத்தைப் புள்ளிவிவரம் கொண்டு ஆராய்வது இளவரசியின் வேலை. நெட்டேரிக் கரைக்குக் கீழே பள்ளத்தில் இருந்த இந்தக் காலனிக்குள் போன வருடப் புயலில் தண்ணீர் புகுந்தது. மாசியில் அவளும் உதவியாளர் திருமுருகனும் வீடு வீடாகப் போய், தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு யாரும் அடிக்கணக்கில் பதில் சொல்வதில்லை. முழங்காலைத் தொட்டுக் காட்டுவார்கள், இடுப்பைத் தட்டிக் காட்டுவார்கள், பிறகு சுவரில் அதே உயரத்தில் உள்ளங்கையால் அடித்து, "இம்மாம் ஒசரம்" என்பார்கள். கை பட்ட இடத்தில் திருமுருகன் அளவுகோலை வைத்துப் படிப்பான். கம்ப்யூட்டரில் வளைந்து வளைந்து ஓடும் அத்தனை கோடுகளும் இப்படி யாரோ ஒருவருடைய இடுப்பில் தொடங்குபவைதான்.

கடைசி வீட்டுக்கு அவள் மட்டும் போனாள். திருமுருகன் அப்போது எதிர்வரிசையில் இருந்தான். வாசலில் நின்ற பெண் கெங்கம்மாள் என்று பெயரைச் சொன்னாள், அதற்குமேல் பேசவில்லை. கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று இளவரசி நினைத்துக்கொண்டாள். கேள்வியைக் கேட்டதும் அந்தப் பெண் குதிகாலை உயர்த்தி, தலைக்கு மேலே கையைத் தூக்கி, எட்டும்வரை எட்டிச் சுவரில் அடித்துக் காட்டினாள்.

எல்லா வீட்டிலும் இடுப்பு, ஒரே ஒரு வீட்டில் தலைக்கு மேல். அந்த ஓர் அளவைச் சேர்த்தால் கோடு விறுவிறுவென்று ஏறி, மழைக்கு முன்பே காலனியைக் காலி செய்யவேண்டும் என்றது. எடுத்துவிட்டால் சமர்த்தாக அடங்கியது. கூட்டத்தோடு சேராத இப்படிப்பட்ட அளவை அவள் துறையில் அவுட்லையர் என்பார்கள். தவறென்று உறுதியாகத் தெரிந்தால் நீக்கிவிடலாம். தவறா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அக்காவும் மாமாவும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி இந்த வீட்டைக் கட்டியது மட்டும் நன்றாகத் தெரியும். அதனால் நீக்கினாள்.

மாமாவின் பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தபிறகு லேப்டாப்பைத் திறந்தாள். ஏரி வற்றும்போது வருமே, பாசியும் செத்த மீனும் கலந்த அந்தச் சேற்று வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. சமையலறைக்குப் போய்த் தேடினால் கூடத்தில் வீசியது, கூடத்துக்கு வந்தால் படுக்கையறைப் பக்கம் நகர்ந்துகொண்டது. மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம், அண்டாவில் தண்ணீர் மெல்ல நிரம்பும் சத்தம், விட்டுவிட்டுக் கேட்டது. போய்ப் பார்த்தாள், குழாய்கள் எல்லாம் இறுக மூடித்தான் இருந்தன. அனுப்பித் தொலைத்துவிட்டால் மனசு அடங்கும் என்று அறிக்கையை அனுப்பினாள். அடங்கவில்லை. தலையைத் திருப்பினால் சுவரில் ஈரக் கை இரண்டாக இருந்தது. ஒன்று சிறியது, மற்றது ஆண்பிள்ளைக் கை போல அகலமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில், பால் வாங்கப் போகிறேன் என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினாள். கால்கள் கடைப் பக்கம் போகவில்லை. கடைசி வீட்டு வாசற்படியில் கெங்கம்மாள் முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அதே முகம், மாசியில் பார்த்த அதே பச்சைப் புடவை. உயிரோடு, கையும் காலுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் இளவரசிக்குப் பாதி பயம் போய்விட்டது.

"என்னத் தெரியுதாங்க? மாசியில வந்து, தண்ணி எவ்ளோ ஒசரம் வந்துச்சுன்னு கேட்டேனே."

"என்கிட்டயா?" கெங்கம்மாள் முறத்தை நகர்த்தி வைத்தாள். "மாசி முச்சூடும் நான் ஓமந்தூர்ல இல்ல இருந்தேன், மவ பிரசவத்துக்கு. வூடு பூட்டிக் கெடந்துச்சேம்மா."

"இல்லீங்க, நீங்கதான். இதே புடவைதான் கட்டியிருந்தீங்க."

கெங்கம்மாள் குனிந்து தன் முந்தானையைப் பார்த்தாள். "இது போன மாசம் மவ எடுத்துக் குடுத்ததும்மா. இன்னைக்குத்தான் பிரிச்சுக் கட்டிக்கினேன்."

இளவரசி அந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாள். "புயலப்ப உங்க வூட்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"எல்லாருக்கும் வந்தா மாதிரிதான். இடுப்பு."

வீட்டுக்கு எப்படித் திரும்பினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு திருமுருகனுக்குப் போன் போட்டாள்.

"திரு, அந்த ரிப்போர்ட்ட நிறுத்தணும். கடைசி வீட்டு அளவை நான் எடுத்துட்டேன். அதைத் திரும்பச் சேக்கணும்."

"ஆபீஸ்ல மேல அனுப்பிட்டாங்களே மேடம். இனி காலையிலதான் பேச முடியும்," என்றான் அவன். "கடைசி வூட்ல ஏது அளவு? அது பூட்டி இல்ல இருந்துச்சு. நீங்க வாசல்ல தனியா நின்னுக்கினு இருந்தீங்க. போன்ல பேசறீங்கன்னு நெனைச்சேன்."

கரண்டு போனது. மின்விசிறி ஓய்ந்து நின்றது. அண்டா நிரம்பும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

போன வருடத்து வெள்ளத்தை அவள் கேட்டாள். வந்து நின்றவள் காட்டியது போன வருடத்தை இல்லை. அறிக்கை கிடக்கட்டும், தெருவையாவது கிளப்பிவிட வேண்டும் என்று எழுந்தாள். போன் அடித்தது. அக்கா.

"அரசி, இங்க மழ பிச்சிக்கினு ஊத்துதுடி. செஞ்சி பக்கம் ஏரிங்கள்லாம் ரொம்பி வழியுதாம். சாமி கும்பிட்டாச்சு, அதான் ஜல்தியா கெளம்பிட்டோம். வூட்டுக்கு வந்துட்டா போதும்."

செஞ்சியில் வழிகிற தண்ணீர் கடைசியில் எங்கே வந்து சேரும் என்று இளவரசிக்குத் தெரியும். அதற்கான வரைபடம் அவள் போட்டதுதான்.

"வராதக்கா. அங்கேயே மேடா ஒரு எடத்துல இரு. இங்க தண்ணி வரும்."

"வந்தா வருது போ. இடுப்புக்கு மேல வராதுன்னு நீதானே சொன்ன."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள். போகவில்லை.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. சுவரில் ஈர உள்ளங்கையால் அடிக்கும் சத்தம். முதலில் தெருக்கோடியில், கெங்கம்மாள் வீட்டுப் பக்கம். பிறகு அடுத்த வீடு. எதிர்வீடு. மாசியில் அவள் கேள்வி கேட்டுக்கொண்டு போன வரிசையில், பின்னாலிருந்து முன்னாக, ஒரு வீடும் விடாமல், வந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள்.

மழை இல்லை. தெரு காய்ந்து கிடந்தது. மங்கிய அந்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பேச்சில்லை. எல்லோர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. எல்லோரும் குதிகாலில் நின்றார்கள். எல்லோர் கையும் தலைக்கு மேலே. தாய்மார் குழந்தைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். குழந்தைகளின் கையும் மேலே.

கேட்டுக்கு உள்ளே மாமா நின்றார். பக்கத்தில் அக்கா. மதியம் வைத்த பூ கழுத்தோரம் ஒட்டிக் கிடந்தது. அங்காளம்மன் குங்குமம் கரைந்து மூக்கின் வழியே வழிந்தது. கையில் போன் இல்லை.

"அக்கா."

அக்கா அவளைப் பார்க்கவில்லை. திறந்த கதவு வழியாக உள்ளே, நிலைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். இளவரசியும் பார்த்தாள். இரண்டு ஈரக் கைகள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

வேண்டாம் என்று நினைத்தாள். ஓடு என்று நினைத்தாள். கால் நகரவில்லை. முதுகில் கூந்தல் கனத்தது. தொட்டுப் பார்க்கத் துணிவில்லை. சொட்டு ஒன்று கழுத்தில் இறங்கியது.

குதிகால்கள் தாமாகத் தரையைவிட்டு எழும்பின. வலது கை மெல்ல உயர்ந்தது, தோளைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, தலைக்கு மேலே, எட்டும்வரை எட்டி, அந்த இடத்தில் பதிந்தது.