வண்டி ஒத்துக்காதவள்

அந்த வீட்டில் காலையில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எல்லோரும் அவளை மட்டும்தான் கூப்பிடுவார்கள். கணவனுக்கு வேன் சாவி வேண்டும், கொழுந்தனுக்கு இஸ்திரி போட்ட சட்டை வேண்டும், நாத்தனாருக்குத் தையல் மெஷின் எண்ணெய் வைத்த இடம் மறந்துபோகும். உள்ளறையில் படுத்திருக்கும் மாமனாருக்கோ எல்லாமே வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர்; தாங்கிப் பிடித்தால் நாலடி நடப்பார். வாயும் கோணிக்கொண்டதால் அவர் பேசுவது அவளைத் தவிர யாருக்கும் புரியாது. அவர் முனகினால் போதும், கூடத்திலிருந்து ஒரு குரல் வரும்: "அண்ணி, அப்பா என்ன சொல்றாருன்னு பாருங்க." பெற்ற பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும் நடுவே அவள்தான் மொழிபெயர்ப்பாளர். சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பிலிருந்து தரையில் வழிந்தபோதுகூட அவள் கவனிக்கவில்லை. காது முழுக்கக் கூடத்தில் இருந்தது.

மகள் முந்தின நாள் சாயங்காலம் வந்திருந்தாள். விண்வெளி மையத்தில் இன்ஜினியர். ராக்கெட்டுக்குள் ஓடுகிற கம்பிகளின் இணைப்புகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஊழியர்களின் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அது வருகிற ஞாயிற்றுக்கிழமை. அடுத்த மாதம் அவளை வேறொரு மையத்துக்கு மாற்றுகிறார்கள், எட்டாத தூரத்துக்கு. ஆகவே அவள் இத்தனை நாள் உட்கார்ந்து வேலை செய்த இடத்தை வீட்டார் பார்க்க இதுவே கடைசி வாய்ப்பு.

"வர்றவங்க பேரை இன்னைக்கே சொல்லிடணும். அப்புறம் சேர்க்க மாட்டாங்க," என்றாள் மகள், போனைக் கையில் வைத்துக்கொண்டு. "அப்பா... சித்தப்பா, சித்தி... அத்தை..."

"அந்த ராக்கெட்ல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவாங்களா?" என்றான் கொழுந்தன். "உங்கப்பா வேனைவிட கொஞ்சம் வேகமா போகும்னு கேள்விப்பட்டேன்."

"என் வண்டியில பிரேக் இருக்குடா. அதுல இருக்கான்னு கேட்டுட்டு ஏறு," என்றான் அவள் கணவன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவன். வேனைக் குறை சொன்னால் பொறுக்கமாட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா?"

"அண்ணியா?" கொழுந்தன்தான் முந்திக்கொண்டான். "அண்ணிக்குத்தான் வண்டி ஒத்துக்காதே, பாவம். தெருமுனை திரும்பறதுக்குள்ள குடலே வெளிய வந்துரும்."

"ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு சுத்தறேன், கட்டினவளை ஒரு நாள் ஏத்த முடியலை," என்றான் கணவன். "எல்லாம் என் நேரம்."

"அண்ணி இருந்தாத்தான் அப்பாவுக்கும் நல்லது," என்றாள் நாத்தனார், தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையை எடுக்காமல்.

அவ்வளவுதான். வழக்கம்போல முடிந்துவிட்டது. யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்புதான் அவளை எழுந்திருக்க விடாமல் அழுத்தியது.

உண்மை என்னவென்றால், அவளுக்கு எந்த வண்டியும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. எல்லோரும் கடற்கரைக்குப் போகக் கார் பிடித்திருந்தார்கள். காரில் ஒரு ஆள் அதிகம். நாத்தனார் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்போதுதான் அண்ணன் வீட்டோடு வந்திருந்தாள். வாசலில் நின்றுகொண்டு, நான் இருந்துக்கறேன், நீங்க போங்க என்று அவள் சொன்னபோது அந்தக் குரலைக் கேட்கச் சகிக்கவில்லை. உடனே இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கார்ன்னாலே குமட்டும், நான் வரலை என்றாள். ஒரு நாளைக்குச் சொன்ன பொய். அன்றைக்குச் சாயங்காலம் நாத்தனார் கடல் மண் ஒட்டிய காலோடு திரும்பி வந்து, பல மாதங்களுக்குப் பிறகு சிரித்ததைப் பார்த்தபோது, சொன்னது சரிதான் என்றுதான் தோன்றியது.

ஆனால் அந்தப் பொய் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடுத்த தடவை அவளைக் கேட்கவே இல்லை. அப்புறம் மாமனார் விழுந்தார். யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்றானபோது, வண்டி ஒத்துக்காதவள் ஒருத்தி தயாராக இருந்தாள். நான் வருகிறேன் என்று அவள் எழுந்தால் இருக்கப்போவது நாத்தனார்தான். அதனால் வாயை மூடிக்கொண்டாள். கேட்டுப் பார்க்காத அவர்கள்மேல் கோபம் வராமல் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே!

மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"நீ வரலையாம்மா?"

"பால் வழிஞ்சிடுச்சு, காலை வெச்சிடாத..." என்று துடைக்கக் குனிந்தாள் அவள்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அதான் சித்தப்பா சொன்னாரே, கண்ணு."

"சித்தப்பாவை நான் கேக்கலை." மகள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கினப்போ நீ வரலை. காலேஜ்ல பட்டம் வாங்கினப்போ வரலை. எல்லார் அம்மாவும் முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. நான் அத்தையைக் காட்டி, இவங்கதான் எங்கம்மா மாதிரின்னு சொன்னேன். மாதிரி... உனக்கு எப்படி இருக்கும் அதைக் கேட்டா?"

அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு வரலாம். ஒரு எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டு வரலாம். வாந்தி எடுத்தாத்தான் என்ன, நான் துடைக்க மாட்டேனா? உனக்கு வரணும்னு இல்லைம்மா. அதுதான் விஷயம். பெத்த பொண்ணைவிட உனக்கு உன் வயிறு பெருசு."

கூடத்தில் மெஷின் சத்தம் நின்றுபோனது.  இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்ததற்குக் கிடைத்த பேர் இதுதானா என்று இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தை நேராகப் போய் நாத்தனார் தலையில் விழும். அவள் துணியைப் பிழிந்து போட்டாள்.

"போறவங்க நல்லபடியா போயிட்டு வாங்க," என்றாள். 

அப்போதுதான் உள்ளறையிலிருந்து மாமனார் சத்தம் போட்டார். முனகல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். எல்லோரும் பதறிக்கொண்டு ஓடினார்கள். கிழவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, நல்ல கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அப்பா என்ன சொல்றாரு?"

மற்றவர்களுக்கு அது வெறும் குழறல். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. "பொய். அவளுக்கு ஒண்ணும் பண்ணாது. வாரா வாரம் பஸ்ல என்கூட வர்றா. ஒரு நாளும் குமட்டினதில்லை."

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"தண்ணி கேக்கறாரு," என்றாள் அவள்.

நாத்தனார் ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கிழவர் தட்டிவிட்டார். தம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. மறுபடியும் அதையே சொன்னார், இன்னும் உரக்க.

"இப்ப என்னவாம்?"

"புழுக்கமா இருக்காம். ஜன்னலைத் திறக்கச் சொல்றாரு."

கொழுந்தன் ஜன்னலைத் திறந்தான். கிழவர் தன் மருமகளைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கோபம். இத்தனை வருஷத்தில் அவருடைய ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றிச் சொன்னதில்லை. முதல்முறையாக மாற்றிச் சொல்கிறாள், அதுவும் அவர் கண் முன்னாலேயே. கிழவரின் வாய் கோண, கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

மகளுக்கு ஏதோ உறுத்தியது. கட்டிலருகே முட்டிபோட்டு உட்கார்ந்து அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, நான் ஒவ்வொண்ணா கேக்கறேன். ஆமான்னா என் கையை அமுக்குங்க. தண்ணியா?"

கை அசையவில்லை.

"ஜன்னலா?"

இல்லை.

"அம்மாவைப் பத்தியா?"

கிழவர் அமுக்கிய அமுக்கில் மகளுக்கு விரல் வலித்தது.

"அவருக்குக் காலையிலேருந்து உடம்பு சரியில்லை, விடு கண்ணு..." என்று அவள் குறுக்கே வந்தாள். மகள் திரும்பவில்லை.

"ப... பஸ்..." என்றார் கிழவர். அவருக்கு மூச்சு வாங்கியது.

"பஸ்ஸா? எந்த பஸ்? நீங்களும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸா?"

கை மறுபடி இறுகியது.  மகள் மெல்ல எழுந்து அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா. வாரா வாரம் தாத்தாவை கை கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறியே. அந்த பஸ்ல உனக்குக் குமட்டாதா?"

அவள் மாமனாரின் போர்வையைச் சரிசெய்தாள்.  ஒவ்வொருவர் முகத்திலும் அந்தக் கணக்கு மெதுவாக விளங்குவது தெரிந்தது. அவள் மாமனாரைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றுவதை வாசலிலிருந்து அவர்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகிற பாதை அது. ஒருவருக்கும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

"நான் யோசிக்கவே இல்லையே," என்றான் கணவன்.  "அந்த நேரத்துக்கு நான் வேன்ல பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு இருப்பேன்... நீ எப்படிப் போற, எப்படி வர்றேன்னு ஒரு நாள் கேட்டதில்லை."

"அவருக்கு இடம் கொடுத்துடுவாங்க. நான் நின்னுக்கிட்டே போயிடுவேன்," என்றாள் அவள். குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

"அன்னைக்குக் கார்ல இடம் இல்லாமப் போச்சே, அதுலேருந்துதானே அண்ணி?" நாத்தனார் சுவரில் சாய்ந்தபடி நின்றாள். "எனக்கு அப்பவே சந்தேகம். ஆனா கேக்கலை. கேட்டா நான் இறங்கிக்கணுமேன்னு பயம்... அப்புறம் அதுவே பழகிப்போச்சு. எவ்வளவு வசதியா பழகிப்போச்சு பாருங்க."

"நீ ஏம்மா அழற? அன்னைக்கு நீ சிரிச்சியே, எனக்கு அது போதும்."

"போதாது," என்ற நாத்தனார் மகள் பக்கம் திரும்பினாள். "என் பேரை எடுத்துட்டு உங்கம்மா பேரைச் சொல்லு. அப்பாவை நான் பாத்துக்கறேன். கையைப் பிடிச்சுக் கேட்டா அவரு பதில் சொல்றாரு. இவ்வளவு நாளா நாமதான் கேட்டதில்லை."

மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "என்னென்னமோ சொல்லிட்டேனேம்மா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள், மகளின் முதுகைத் தடவியபடி. "அசந்து போயிட்டேன், கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வேனில் ஏறினாள். கொழுந்தன் வேண்டுமென்றே ஒரு எலுமிச்சம்பழத்தையும் பிளாஸ்டிக் பையையும் நீட்டினான். அவள் பழத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்பியது. ஜன்னல் காற்று முகத்தில் பட்டது. இனி யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை என்று உடம்புக்குத் தெரிந்ததும் அது தன்பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டது.

விழித்தபோது வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. அவளுக்குத் திக்கென்றது. இங்கேயும் விட்டுவிட்டுப் போய்விட்டார்களா? அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

வெளியே வெயிலில் எல்லோரும் நின்றார்கள். கணவன் கர்சீப்பைத் தலையில் போட்டிருந்தான். கொழுந்தனும் அவன் மனைவியும் வேனின் நிழலில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு மகள் கதவருகிலேயே நின்றாள். மற்ற குடும்பங்கள் எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தன. வாயிலுக்கு அப்பால், மரங்களுக்கு மேலே, வெள்ளையாக நெட்டுக்குத்தாக நின்றது ராக்கெட்.

"ஐயோ, எவ்வளவு நேரமா நிக்கறீங்க? ஏன் யாரும் கூப்பிடலை?"

"கூப்பிடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் மகள்.

"அது எங்கயும் போயிடாது அண்ணி," என்று கொழுந்தன் ராக்கெட்டைக் காட்டினான். "நெருப்பு வெச்சாத்தான் கிளம்புமாம்."

அவள் ராக்கெட்டைப் பார்க்கவில்லை. வியர்த்துப்போய் நின்ற அந்த முகங்களையே பார்த்தாள். அவளுக்காக யாரும் காத்திருந்து அவள் பார்த்ததில்லை. மகள் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள், இறங்கிய இடத்திலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உன் மேஜை எங்கடி இருக்கு? முதல்ல அதைக் காட்டு."