மூணு பூட்டுப் பயணி

"அந்த லாட்ஜ் மூடியிருக்குங்க. குழாய் வெடிச்சு மூணு நாளாச்சு."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் போய் அந்த மனுஷன் பார்த்த பார்வை இருக்கிறதே... அவன் சட்டைப் பையில் கை விட்டவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல!

பேருந்து நிலையத்தின் மூலையில், பயணிகள் பை வைத்துவிட்டுப் போகும் அறை அது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை அவள் அங்கேதான். வருகிற பையில் ஒரு தகர வில்லையைக் கட்டி, அதே எண் போட்ட இன்னொரு வில்லையைப் பயணி கையில் கொடுத்து, பையை அலமாரியில் ஏற்ற வேண்டும். திரும்பி வந்து கேட்டால் இறக்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதுமாக ஏழு வருஷம் ஓடிவிட்டது. அவளுக்கு வயது முப்பத்திரண்டு. இடுப்புக்கு மட்டும் ஐம்பது. நிலையத்தில் எல்லோருக்கும் அவள் 'லக்கேஜ் அக்கா'. அவளைவிடப் பத்து வயது மூத்த கண்டக்டருக்கும் அக்காதான்.

எதிரே நின்றவன் வெளிநாட்டுக்காரன். அவனுடைய அம்மா இந்த நாட்டுக்காரி. அவன் பிறந்து வளர்ந்தது கடல் தாண்டி. அம்மா பேசிய பேச்சு மட்டும் வாயில் இருந்தது. நாட்டைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தூக்கமில்லாமல் சிவந்த கண். அதில் மழைத்துளி தொங்குகிற இமை... சே, ஆம்பளைக்கு எதற்கு இவ்வளவு நீள இமை!

அப்புறம்தான் அவன் பையைப் பார்த்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒரே பைக்கு மூன்று பூட்டு.

"லாட்ஜ் மூடியிருக்குன்னு யாராவது சொன்னா நம்பக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க," என்றான் அவன். "அப்புறம் நீங்களே வேற லாட்ஜுக்குக் கைகாட்டுவீங்க. அங்க உங்களுக்குக் கமிஷன்."

"இந்தக் கவுண்டரத் தாண்டி டீ குடிக்கப் போகவே எனக்கு நேரமில்ல. கமிஷன் வாங்க எங்கங்க போறது? சரி, வேற என்னெல்லாம் சொல்லி அனுப்பினாங்க?"

கிண்டல் என்று அவனுக்குத் தெரியவில்லை. பரீட்சையில் ஒப்பிப்பது போலச் சொன்னான். "குழாய்த் தண்ணியில வாய் கூடக் கொப்பளிக்காத. வலிய வந்து சிரிச்சுப் பேசறவங்கள நம்பாத. பைய யார் கையிலயும் குடுக்காத."

"யார் கையிலயும் குடுக்கக் கூடாதுன்னா, பை வாங்கி வைக்கிற ரூமுக்கு எதுக்கு வந்தீங்க?"

அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டான்.

போகட்டும், எனக்கென்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே தவிர, கண் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் தெருப்பக்கம் போய் வந்தது... இந்தக் கண்ணுக்கு வேறு வேலையே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்தான்.

"மூடித்தான் இருக்கு. கதவுல எழுதி ஒட்டியிருக்கு."

"அதையும் நானே போய் ஒட்டியிருப்பேன். நல்லாப் பாத்தீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காதெல்லாம் சிவந்துவிட்டது. அவளுக்கே பாவமாகப் போயிற்று. அதற்குள் இன்னொரு சேதி வந்தது. ஆற்றில் வெள்ளம் ஏறிவிட்டது, பாலத்தை மூடிவிட்டார்கள், அவன் போக வேண்டிய பஸ் இரண்டு மூன்று நாளைக்கு ஓடாது. மற்ற லாட்ஜ்களிலும் இடமில்லை. அவளுடைய அண்ணன் அதே நிலையத்தில் பஸ் டிரைவர். அவனிடம் கெஞ்சிக் கூத்தாடி, மாடியில் டிரைவர்கள் படுக்கும் அறையில் ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தாள்.

அத்தோடு நன்றாக முடிந்திருக்கும். அவன் ஒரு நோட்டை எடுத்து நீட்டினான்.

"நான் கேட்டேனா?" அவள் குரல் ஏறிவிட்டது.

"இல்ல... இங்க யார் எது செஞ்சாலும் எதிர்பார்ப்பாங்கன்னு..."

"அதையும் சொல்லி அனுப்பிட்டாங்களா? ரொம்ப சந்தோஷம். எடுத்து உள்ள வைங்க. நாலாவது பூட்டு வாங்க உதவும்."

படக்கென்று திரும்பிக்கொண்டாள். மறுநாள் அவன் மூன்று தரம் கவுண்டர் பக்கம் வந்தான். மூன்று தரமும் அவளுக்கு அலமாரியில் ஏதோ தலை போகிற வேலை இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கூரைத் தகரம் ஒரு மூலையில் விலகி, தண்ணீர் கீழ்த்தட்டுப் பைகள் மேல் கொட்ட ஆரம்பித்தது. அறுபது பை. ஊரான் வீட்டுப் பொருள். அவள் ஒற்றை ஆள். இரண்டு பையைத் தூக்குவதற்குள் இடுப்பு 'என்னை விட்டுடு' என்றது.

கவுண்டரைத் தாண்டி ஒருவன் குதித்தான். யார் என்று பார்க்கக்கூட நேரமில்லை.

"நீங்க நகருங்க. வில்லை நம்பர மட்டும் சொல்லுங்க, மாறிடப் போகுது."

அவள் எண்ணைச் சொன்னாள், அந்த மூணு பூட்டுக்காரன் தூக்கினான். தூக்குகிறவனைப் பார்த்துக்கொண்டே நின்றவள் ஓர் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டாள்...

முதுகு வளையவில்லை. முழங்கால் மடங்கியது. பையை நெஞ்சோடு அணைத்து எழுந்தான். இடுப்பைத் திருப்பாமல் பாதத்தைத் திருப்பினான். இறக்கும்போது மூக்கு வழியாக ஒரு சின்ன மூச்சு... 'ம்ஹும்'. அது ஜிம்முக்குப் போய் வருவதல்ல. வருஷக்கணக்கில் உடம்பு அடி வாங்கி வாங்கித் தானாகப் படித்த படிப்பு. அவளுக்குத் தெரியாதா!

கடைசிப் பையும் மேலே ஏறியதும் இருவரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவள் டீக்குச் சொல்லியனுப்பினாள். என்ன தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை. வாங்கிக் குடித்தான்.

"நீங்க மூட்டை தூக்குறவரா?"

"துறைமுகத்துல கிடங்கு. கப்பல்லேருந்து வர்ற பெட்டி. ஒம்பது வருஷம்." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். காய்த்துப் போயிருந்தது. "மூணு வருஷ லீவச் சேத்து வெச்சு பன்னண்டு நாள் வந்தேன். ஏழு ஊர் பாக்கணும்னு பிளான். பாத்தது இந்த பஸ் ஸ்டாண்ட் மட்டும்தான்."

"நான் என்னமோ... வெளிநாட்டுக்காரங்கன்னா பணத்துல புரளுறவங்க, அலுப்புன்னா என்னன்னே தெரியாதவங்கன்னு நெனச்சேன்."

"அப்ப உங்களுக்கும் யாரோ சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் பாதிக்கு மேல் சிரிக்கத் தெம்பில்லை.

"அன்னிக்கு நோட்ட நீட்டினது தப்பு," என்றான் தரையைப் பார்த்தபடி. "எனக்கு நன்றி சொல்லி வழக்கமில்ல. கிடங்குல யாருக்கு யார் சொல்றாங்க? வாய் வராததால கை நீண்டுடுச்சு."

அவள் குனிந்து டீயை ஊதினாள்.

"அப்புறம் ஒண்ணு... நாள் பூரா நிக்கறப்ப, காலுக்குக் கீழ ஒரு மரப்பெட்டி போட்டு ஒரு கால அதுமேல வெச்சுக்குங்க. மாத்தி மாத்தி. இடுப்பு வலி பாதி குறையும்."

ஏழு வருஷத்தில் அவள் இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள்! ஒரு பெண்ணிடம் சொல்லக் கூடிய பேச்சா இது என்று வெட்கப்படலாமா, வேண்டாமா... முடிவு செய்வதற்குள் கன்னம் சூடாகிவிட்டது. அவள் வீட்டுக்குக் கிளம்பும் முன், அவன் அந்த மூணு பூட்டுப் பையைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்து வில்லை வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தான். "என்ன, மூணு பூட்டுக்காரருக்கு டீயெல்லாம் போகுதாம்?"

"மழையில உதவி செஞ்சாரு."

"செய்வாரு, செய்வாரு. நாளைக்குப் பாலம் தெறக்கறாங்க. ஊர் போய்ச் சேந்ததும் உன் மூஞ்சி கூட ஞாபகம் இருக்காது. அங்கெல்லாம் கல்யாணம்கறது சட்டை மாத்துற மாதிரி. பெத்தவங்களையே வயசானா கொண்டுபோய்த் தள்ளிடுவானுங்க."

"நீ எப்பண்ணா போய்ப் பாத்தே?"

"எல்லாரும் சொல்றாங்கல்ல? நான் உன் நல்லதுக்குத்தான்மா சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னான். அதுதான் கஷ்டம். வருகிறவன் போய்விடுவான்... அவள் வேலையே அதுதானே? யாரும் அவளைப் பார்க்க வந்ததில்லை. பையை எடுக்க வருவார்கள். இவனும் அப்படித்தான் என்று மனசைப் போட்டு அமுக்கினாள். மனசு அமுங்கவில்லை, வலித்தது.

நான்காம் நாள் நாலு மணி பஸ். அண்ணன்தான் டிரைவர். அவள் அவன் பையை இறக்கிக் கவுண்டரில் வைத்தாள். முகத்தை மட்டும் அவன் பக்கம் காட்டவில்லை.

"எனக்கு இன்னும் எட்டு நாள் லீவு இருக்கு," என்றான் அவன். "மத்த ஊருங்களப் பாக்கணும்னு தோணல."

"கெளம்புங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. போனா மறந்துடுவீங்க."

"யார் சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

வெளியே அண்ணன் ஹாரனை அடித்தான்.

"எனக்கும் உங்களப் பத்தி எல்லாருந்தான் சொன்னாங்க," என்றான் அவன் மெதுவாக. "அத நம்பித்தான் ஒரு மணி நேரம் மழையில நடந்தேன். நீங்க சொன்னதுதான் நிஜமா இருந்துச்சு. இப்ப நான் சொல்றதையும்... ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

அவள் நிமிர்ந்தாள். அந்த இமை, அந்தச் சிவந்த கண்... பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத கண். அவளுடையது போலவே.

மறுபடி ஹாரன். அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான். "ஆள் ஏறுறாரா, இல்லையா?"

ஏழு வருஷமாக அந்தக் கவுண்டரில் ஒரு நாளும் அப்படிக் கத்தியிராதவள், நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஏறல! நீ வண்டிய எடுண்ணா!"

அண்ணன் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. அப்புறம் கவுண்டரில் நின்றவனைப் பார்த்து விரலை ஆட்டினான். "ஏழு மணிக்குத் திரும்பி வருவேன். அப்பவும் நீ இங்க இருந்தா, நேரா வீட்டுக்கு வா. கேக்க வேண்டியது நெறைய இருக்கு!"

பஸ் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. அவள் கை கவுண்டர் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"எனக்கு ரொம்ப அலுப்பா இருக்குங்க," என்றாள். "இன்னிக்கு நேத்து இல்ல, பல வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா யாருக்குப் புரியும்? ஆனா அன்னிக்கு ஈரத்துல உங்க பக்கத்துல உக்காந்தேனே... அப்ப மட்டும் அந்த அலுப்பு தெரியல. அது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவன் கை கவுண்டர்மேல் வந்து, அவள் விரல் அருகில் நின்றது. தொடவில்லை.

"எனக்குத் தெரியும். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு."

"ம்," என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது. "அதேதான்... எனக்கும்."