துருத்திக்குப் போட்ட தோல்

நான் கும்பிடுவது மாரியம்மனை. எனக்குச் சோறு போடுவது கிறிஸ்தவக் கோயில்கள். இலங்கையின் சப்ரகமுவ மலைத் தோட்டங்களில் உள்ள கோயில்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் ஆர்மோனியம் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். 1998 ஆகஸ்டில், இறக்குவானைக்கு மேலே காட்டை ஒட்டிய ஒரு சின்னக் கோயிலுக்குப் போனது அந்த வேலையாகத்தான்.

அங்கே இருந்தது கால் ஆர்மோனியம். அது வேலை செய்யும் விதம் எளிது. காலால் மிதித்தால் கீழே இருக்கும் துருத்தி காற்றை இழுக்கும். கட்டையை அழுத்தினால் ஒரு சிறு மூடி திறக்கும். அந்த வழியாகப் போகும் காற்றில் பித்தளை நாக்கு துடிக்கும். அதுதான் பாட்டு. காற்று இல்லையென்றால் அது வெறும் அலுமாரி.

இந்தப் பெட்டியின் துருத்தியை எலி தின்றிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பெரிய பாதர் வாறாரு," என்றார் அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பொன்னுத்துரை. "பெட்டி பாடலேன்னா, இந்தக் கோயில் எதுக்குன்னு கேட்டு மூடிருவாங்க கன்னையா."

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இடமில்லை என்று அவர் என்னைக் கைராவின் குடிசையில் தங்க வைத்தார். கோயிலுக்குப் பின்னால் நான்கு குடிசைகளில் வேடர் குடும்பங்கள் இருந்தன. இரண்டு வருடம் முன்புதான் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கைரா சிங்களமும் அவர்கள் பேச்சும் கலந்து பேசுவான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்பதால் புரிந்தது. முதல் நாளே என்னை 'ஹூரா' என்றான். மச்சான் மாதிரி ஒரு சொல். அவன் மனைவி கூமி இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சுட்ட கிழங்கைத் தேனில் தோய்த்து என் கையில் வைப்பான். "பெட்டிக்கு எத்தனை நாக்கு, ஹூரா?"

"அறுபத்தொண்ணு."

"அப்போ என் மாமியாருக்கு ஒண்ணு கூட."

நான்கு நாளும் அப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

துருத்திக்கு மெல்லிய தோல் வேண்டும். இரத்தினபுரிக்குப் போய் வர நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலை உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேல் பாறைக் குகையில ஒரு மான் தோல் கெடக்கு. எடுத்துக்க."

"யாரோடதுங்க?"

"கைராவோடதுதான். கேட்டாச்சு. தாராளமா எடுக்கச் சொன்னான். நீ திரும்பக் கேட்டு அவனைச் சங்கடப்படுத்தாத."

"நீங்களும் வாறீங்களா?"

"எனக்கு முட்டி வலி."

குகையில் ஈரமண்ணும் பழைய தேனும் மணத்தன. நீளமாக ஒரு இலைக்குவியல். அதன் ஒரு முனையில் தோல் விரித்திருந்தது. அதன் மேல் ஒரு கல். கல்லை நகர்த்தித் தோலை உருவினேன். இலைகளுக்குக் கீழே என்ன என்று பார்க்கவில்லை.

தோலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உதட்டில் அழுத்திக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். நல்ல தோல் என்றால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டை இருந்தால் காற்று வரும்.

இழுத்தேன். காற்று வந்தது.

சூடாக.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசி முனை அளவு ஓட்டைகூட இல்லை. சனிக்கிழமை அதையே துருத்திக்கு ஒட்டினேன்.

ஞாயிறு காலை கோயில் நிறைந்திருந்தது. பாட்டை வாசித்து முடித்ததும் மிதியிலிருந்து காலை எடுத்தேன். மிதிப்பதை நிறுத்தினால் துருத்தி இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடும். வேறு வழியே கிடையாது.

அது அடங்கவில்லை.

நான் கட்டைகளை மூடினேன். எழுந்து விலகி நின்றேன்.

பெட்டிக்குள் துருத்தி ஏறியது. இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும், சளி கட்டிய நெஞ்சுபோல் கடைசியில் ஒரு இழுப்பு.

கடைசி வரிசையில் இருந்த கைரா எழுந்து வந்தான். பெட்டியில் கை வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"அவ முகத்துல இருந்ததை எடுத்தியா?" என்றான் மெல்ல.

"நீங்க எடுக்கச் சொன்னதா உபதேசியார்தான்…"

கைரா திரும்பிப் பார்த்தான். பொன்னுத்துரை பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நான் அப்பிடி ஒண்ணும் சொல்லல. ஆண்டவர் முன்னாடி பொய் பேசாத கன்னையா," என்றார் தலை நிமிராமல்.



கைராதான் பேசினான். தங்கள் ஆட்கள் சாகும்போது முகத்தில் தோல் போடுவார்கள் என்றான். கடைசி மூச்சு அதற்குள் தங்கும். தோல் மக்கிய பிறகுதான் அது காட்டுக்குப் போகும். அதுவரை அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. இதெல்லாம் உபதேசியாருக்குத் தெரியும். தோலை விரித்தபோது அவரும் அங்கே நின்றார்.

"மக்கறதுக்கு முன்னாடி எடுத்தா, அவளுக்குப் போக வழியில்ல," என்றான். பிறகு, "என் வீட்டுலதானே சாப்பிட்ட?"

ஹூரா என்று சொல்லவில்லை.

அன்று மாலைக்குள் நான்கு குடிசைகளும் காலி. எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பசையோடு தோலைப் பிரித்தெடுத்து நானே குகைக்குக் கொண்டுபோனேன். விரிப்பதற்கு முன், பயத்தோடு, மறுபடி உதட்டில் வைத்து இழுத்தேன். இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. காற்றே இல்லை. கூமி போய்விட்டாள் என்று நினைத்து, அழுதுகொண்டே கல்லை வைத்தேன்.

அடுத்த மாதம் இருமல் நிற்காமல் இரத்தினபுரியில் டாக்டர் நுஹ்மானிடம் போனேன். அவர் என் முதுகில் குழாயை வைத்தார்.

"இழுங்க. விடுங்க. இப்ப மூச்ச அடக்குங்க."

அடக்கினேன்.

"அடக்கச் சொன்னேன்."

நான் தலையை ஆட்டினேன். உதட்டை இறுக்கி, விரலால் மூக்கையும் பிடித்துக் காட்டினேன்.

 டாக்டர் குழாயைக் காதிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார்.

கழற்றிய பிறகும் எங்கள் இரண்டு பேருக்கும் என் நெஞ்சுக்குள் அது கேட்டது: ஏறியது, இறங்கியது, கடைசியில் அந்த இழுப்பு.