கோணல் பெட்டிகள்

1998 டிசம்பர், சனிக்கிழமை, காலை 10.15. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் வைதேகி லேப்டாப்பைத் திறந்தாள். தம்புராவைக் காணவில்லை.

மரத் தம்புரா இல்லை, பாருங்கள். திரையில் பெட்டி பெட்டியாகப் போட்டு, கோடிழுத்து இணைத்தால் நாதம் எழுப்பும் 'பேட்ச்'. ஏழு மாத உழைப்பை யாரோ அழித்திருந்தார்கள். நகலெடுத்து வைத்த ஃப்ளாப்பியும் போயிருந்தது. மாலை ஆறு மணிக்குத் தி.நகர் சபாவில் அதை இயக்கிக் காட்ட வேண்டும். செய்தவரை வெளிநாட்டு இசைக்கூடம் ஒன்று ஒரு வருஷத்துக்கு அழைத்துக்கொள்ளும்.

10.50. எஸ்.ஐ. ஹபீபுர் ரஹ்மான் வந்தார். கச்சேரிப் பிரியர்.

"நேத்து யாரும்மா வந்தாங்க?"

"லேப்டாப்புக்குப் பேட்டரி மாத்த கடைக்கார பாலு. பின்பக்கத்தைத் திறந்து மாத்திட்டுப் போயிட்டார். அப்புறம் பரத்வாஜ். மிருதங்கம் வாசிக்கறவன், எட்டு வருஷ சிநேகிதன். அவனைப் போய்..."

"பேட்ச்சைப் பாத்திருக்காரா?"

"தினம் பாப்பான். 'ஏண்டி இப்படிக் கோணாமாணான்னு போட்டு வெச்சிருக்கே'ன்னு கேலி பண்ணிண்டே இருப்பான்."

"ஏன் கோணல்?"

"அது அப்படித்தான் சார் இருக்கணும். இடம் மாறினா..."

தொலைபேசி மணி அடித்தது. பரத்வாஜ்தான். வைதேகி அழுதபடி விஷயத்தைச் சொன்னாள்.

"அழாதே. நானும் சொந்தமா ஒண்ணு பண்ணி வெச்சிருக்கேன். சாயந்தரம் அதை வெச்சு சமாளிச்சுடலாம்."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். ரஹ்மான் மேஜையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டைப் பிரித்துப் படித்தார். ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டார்.

4.30. சபா மேடை. ரஹ்மானும் வந்திருந்தார். பரத்வாஜின் திரையில் பெட்டிகள் அணிவகுப்பு மாதிரி நேராக நின்றன. நாதம் எழுந்தது. வைதேகி திரையருகே குனிந்தாள்.

"பஞ்சமத் தந்தி முதல்ல வரணும். கடைசித் தந்தி மந்தரத்துல ஆரம்பிக்கறதே. தலைகீழா மீட்டறது."

"அடாப்டர் கோளாறு," என்றான் பரத்வாஜ்.

"கோடு எதாச்சும் தப்பா இருக்குமோ?" என்றார் ரஹ்மான்.

"இல்ல சார். மத்தியானத்துலேர்ந்து கோட்டைத்தான் பாத்துண்டிருக்கேன். எல்லாம் சரி."

"நீங்க பண்ணதுதானே? சரிபண்ணுங்க."

அவன் மறுபடியும் கோடுகளையே பார்த்தான்.

"நீங்க பண்ணுங்கம்மா."

வைதேகி ஒரு கோட்டையும் தொடவில்லை. தந்திக்கொன்றாக இருந்த நான்கு பெட்டிகளை மட்டும் இடம் மாற்றி, பஞ்சமத்தை வலக்கோடியில் வைத்தாள். தம்புரா ஒழுங்காகப் பாடியது.

"இதுல வலப்பக்கம் இருக்கற பெட்டிதான் சார் முதல்ல ஒலிக்கும்," என்றாள் மெதுவாக.

ரஹ்மான் திரும்பினார். "அடையாளம் தெரியக்கூடாதுன்னு அழகா அடுக்கிட்டீங்க தம்பி. புஸ்தகம் படிக்கிற மாதிரி, இடமிருந்து வலமா. செஞ்சவருக்கு இடமும் முக்கியம்னு தெரியும். திருடினவர் கண்ணுக்குக் கோடு மட்டுந்தான் தெரிஞ்சுது."

"ஒருத்தரைத்தானே சார் கூப்பிடுவா?" என்றான் பரத்வாஜ்.

ரஹ்மான் அழைப்பிதழை நீட்டினார். 'ஆக்கம்: பரத்வாஜ், வைதேகி.' அவன் பெயர்தான் முதலில்.

"ரெண்டு பேரா வரோம்னு எழுதிக் கேட்டேன். ஒத்துண்டுட்டா," என்றாள் வைதேகி. "மேடையில சொல்லலாம்னு வெச்சிருந்தேன்."

5.50. வைதேகி மைக்செட்காரரைக் கூப்பிட்டாள்.

"மிருதங்கத்துக்கு வெச்ச மைக்கை எடுத்துடுங்கோ."