ஜோக்குக்குச் சிரித்தவள்

பொதுமக்களின் மேலான கவனத்துக்கு. தொலைக்காட்சி உலகமே எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி இது: பத்திரிகையில் வாராவாரம் தொடர்களைக் கிழித்துத் தொங்கவிடும் விமர்சகர், தம் வீட்டு சோபாவில் சாய்ந்தபடி ஒரு ஜோக் சொன்னார். அவர் மனைவி சிரித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

டிவியில், ஆளுக்கு ஆள் அச்சு அசலாக நகல் எடுத்து உலவவிடும் ஒரு குளோன் தொடர். உளவாளி ஒருவன், கூடவே உளவு பார்க்கும் மனைவியின் நெற்றியில் துப்பாக்கியை வைத்து, "நீ நிஜமா அவதானா?" என்று ஒவ்வொரு கோணத்திலும் நின்று கேட்டான். இவன்தான் குளோனோ என்று அவள் பதிலுக்குக் கண்ணை உருட்டினாள்.

"இவனுக்கெல்லாம் குளோன் எதுக்கு? அசலே போலி மாதிரிதானே நடிக்குது" என்றார் விமர்சகர்.

வழக்கமாக இந்த இடத்தில், "வாயை மூடிக்கிட்டுப் பாருங்க, ஒண்ணும் கேக்கல" என்று வரும். இன்று சிரிப்பு வந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதே ஜோக்கை மறுபடி சொன்னார். அவருடைய பத்தியே அப்படித்தான் ஓடுகிறது.

மறுபடி சிரித்தாள். அதே ஏற்றம், அதே இறக்கம், முடிகிற இடத்தில் அதே சின்ன விக்கல்.

வெளியே மழை பிடித்திருந்தது. மாலையிலேயே கூடம் இருண்டு கிடந்தது. டிவியின் நீல வெளிச்சத்தில் மேசை, பூச்சாடி, அவருடைய தொப்பை என எல்லாவற்றின் நிழலும் சுவரில் நடுங்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்தவளின் நிழல் மட்டும் அசையாமல் நின்றது. அவளிடமிருந்து, வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததுபோல் ஒரு வாடை வந்தது. அவள் பக்கம் சோபா மெத்தை அமுங்கவே இல்லை.

'கூடவே வாழ்ந்தவளை அடையாளம் தெரியாத முட்டாளா இந்தக் கதாநாயகன்?' என்று அன்று காலைதான் எழுதி அனுப்பியிருந்தார். சரி, இவர் முட்டாள் இல்லையே, பார்த்துவிடலாம். அவளுக்குக் காதோரம் மச்சம் உண்டு. எந்தக் காது? தெரியவில்லை. அவளுக்குப் பிடித்த நிறம்? தெரியவில்லை. சாயங்காலம் எங்கேயோ போவதாகச் சொன்னாளே, எங்கே? ஜோக் யோசித்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவர் போடவில்லை.

"ஏங்க, தாழ்ப்பாளை எடுங்க. நனைஞ்சுட்டேன்."

மனைவியின் குரல். பக்கத்தில் இருந்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவர் எழுந்தார். கதவருகே போனார். கேட்டுப் பார்க்க வேறு கேள்வி எதுவும் அவரிடம் இல்லை. கதவோடு வாயை ஒட்டி, அந்த ஜோக்கைச் சொன்னார்.

"கர்மம்! இதைக் கேக்கவா மழையில நிக்கிறேன்? உங்க வாயு மாத்திரைக்குத்தான் கடை கடையா அலைஞ்சேன். திறங்க முதல்ல!"

சந்தேகமே இல்லை. அவளேதான்.

கை தாழ்ப்பாளைத் தொட்டது. இரும்பு சில்லிட்டது.

முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. அதே ஏற்றம். அதே இறக்கம். விக்கல். பிறகு, மிகவும் பக்கத்தில், மூச்சுக்காற்றே படாமல்:

"இன்னொண்ணு சொல்லுங்க."

"ஏங்க... உள்ள யாரு? யார்கூடப் பேசுறீங்க?" வெளியே குரல் உடைந்தது. தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். "ஏங்க!"

விமர்சகர் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னொன்று சொன்னார்.

அதுவும் அப்படியொன்றும் நல்ல ஜோக் இல்லை.